முத்துசாமி போட்ட ஹோஸ் ஒழுகாது

இன்ஸ்பெக்டர் வாங்கிக் கொடுத்த கோப்பியில் குறையொன்றுமில்லை. கோப்பைதான் சரியில்லை. அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருக்கிறது. வைத்த இடத்திலெல்லாம் வட்டம் போடுகிறது. இந்தத் தாளின் மூலையில் இருக்கும் கறை அதுதான். கண்ணீர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு கோப்பை கேட்டுப் பார்த்தேன். "எல்லாம் அப்படித்தான்லா இருக்கு, குடிங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அழகப்பன். ஒழுகுகிற ஒன்றை வைத்துக்கொண்டு மனிதர்களால் எப்படி நிம்மதியாகக் கோப்பி குடிக்க முடிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் பெயர் முத்துசாமி. வயது நாற்பத்தெட்டு. ஃபேரர் பார்க்கில், ஓவன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், நூருல் அமீனோடு கூட்டாகக் கார்ப் பட்டறை வைத்துப் பதினேழு வருடமாகிறது. நான் சொல்லச் சொல்ல ஒரு கான்ஸ்டபிள் எழுதுவதாகத்தான் முதலில் ஏற்பாடு. அவர் என்னைக் கேட்காமலே முதல் வரியில் 'கவனக்குறைவால்' என்று எழுதினார். அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு 'தெரியாமல்' என்று எழுதினார். அதற்குமேல் பொறுக்க முடியாமல் பேனாவை வாங்கிக்கொண்டேன். தன் கையே தனக்கு உதவி.

விஷயம் இதுதான். சென்ற மாதம் விஜயதசமி அன்று காலை, பிடோக் கடற்கரை வளைவில் ஒரு கார் மரத்தில் மோதியது. ஓட்டிய திரு. குணமணி அங்கேயே இறந்துபோனார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி மனோரஞ்சிதம் அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மரண விசாரணையில் இதை விபத்து என்றார்கள். வண்டியின் ஸ்டியரிங் குழாய் சரியாகப் பொருத்தப்படாததால் எண்ணெய் ஒழுகிப்போய், ஸ்டியரிங் இறுகி, வண்டி திரும்பாமல் போனது என்றும், அது மெக்கானிக்கின் கவனக்குறைவு என்றும் சொன்னார்கள். அந்த மெக்கானிக் நான். விபத்து என்பதும் பொய், கவனக்குறைவு என்பதும் பொய். இரண்டாவது பொய்தான் என்னை இங்கே வரவைத்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதின்மூன்று வருடத்துக்கு முந்திய அமெரிக்க வண்டி. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது குணமணி ஐயாவிடம் விற்றது. நீளம் எங்கள் சந்தின் அகலத்தைவிட அதிகம். உள்ளே கொண்டுவர நான்கு தடவை முன்னே பின்னே எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்பும் ஓடும். அது சிவப்பு எண்ணெயை ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்குள் தள்ளும். அந்த எண்ணெயின் பலத்தில் அவ்வளவு பெரிய வண்டியை இரண்டு விரலால் திருப்பலாம். எண்ணெய் போய்விட்டால், அதே வண்டியைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும்.

குணமணி ஐயாவுக்கு ஒரு கைதான் முழுசாக வேலை செய்யும். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய வலது முழங்கையை அடித்து முறித்திருந்தார்கள். அது கோணலாகக் கூடி, சோற்றைப் பிசையத்தான் பயன்பட்டது. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், காத்தோங்கில் சிலோன் ரோட்டுக் கோயிலுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. "இந்த வண்டி எனக்கு வலது கை மாதிரி" என்பார். ஆக, அந்த ஹோஸ் ஒழுகினால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒழுக்கு என்று வந்தால் ஜாலான் புசார் பட்டறைக்காரர்களே வண்டியை என்னிடம் அனுப்புவார்கள். "முத்துசாமி போட்ட ஹோஸ் ஒழுகாது" என்பது அந்த வட்டாரத்தில் பழமொழி மாதிரி. நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும். ஒரு ஹோஸ் மாற்றினால் பழைய செம்பு வாசரைத் திரும்பப் போட மாட்டேன். நட்டு உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, பிறகுதான் முடுக்குவேன். எண்ணெய் ஊற்றி, ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மெதுவாகத் திருப்பி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவேன். கடைசியில் வண்டிக்கடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, மறுநாள் காலை எடுத்துப் பார்ப்பேன். அதில் அச்சு மை தவிர வேறொன்றும் இருக்காது. பல் விளக்குவதற்கு முன் அந்தத் தாளைப் பார்ப்பது எனக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி.

குணமணி ஐயாவின் வண்டிக்கு ஹோஸ் அமெரிக்காவிலிருந்து வர நான்கு மாதம் ஆகும். ஆகவே நானே செய்தேன். ஜாலான் புசாரில் டிராக்டர் ஹோஸை அடி கணக்கில் விற்கும் சீனரிடம் ரப்பர் வாங்கி, பழைய ஹோஸின் இரும்பு முனைகளைக் கழற்றி அதில் சொருகி, மேலே ஒரு பூண் போட்டுக் கைப் பிரெஸ்ஸில் நெரித்துவிடுவேன். பூண்தான் ரப்பரையும் இரும்பையும் கவ்விப் பிடிக்கும். முதல் ஹோஸ் சித்திரையில் போட்டது. பத்து நாள் கழித்து ஐயா வந்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, என் மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். நடுவில் ஒரு சிவப்புச் சொட்டு. பக்கத்தில் அழகான கையெழுத்தில் தேதி.

"நான் குறை சொல்லேல்லை, முத்துசாமி. கேக்கிறன். நீர் ஒழுகாது எண்டு சொன்னீர்."

"பட்டறையில ஒழுகலையேய்யா."

"பட்டறையில ஒழுகேல்லை. வீட்டில ஒழுகுது."

அப்போது பட்டறையில் மூன்று வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே வண்டியை வாங்கி வைத்தேன். இரவு முழுதும் செய்தித்தாளில் ஒரு புள்ளி இல்லை. ஆனால் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒழுகும். என் பட்டறையில் ஒழுகாத வண்டி காத்தோங் போனதும் ஒழுகுமென்றால், குறை வண்டியிலா, ஓட்டுகிறவரிடமா? கவனித்தேன். வீட்டுக்குள் வண்டியைப் பின்புறமாக எடுக்கும்போது அவர் ஸ்டியரிங்கை முனைவரை முறுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு கைக்காரர், வேறு வழியில்லை. ஆனால் அப்படிப் பிடித்தால் எண்ணெய் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

இரண்டாவது ஹோஸ் ஆனியில். இரண்டு வாரத்தில் மீண்டும் வெள்ளைத் தாள், மீண்டும் தேதி. நூருல் அமீன் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தான். அவன் நல்லவன், ஆனால் எல்லாவற்றையும் சந்தேகப்படுவான். தான் முடுக்கிய நட்டையே தான் போய் மறுபடி தொட்டுப் பார்க்கிற ஆள்.

"அண்ணே, டிராக்டர் ஹோஸ் தடிப்பு கொஞ்சம் கம்மி மாதிரி தெரியுது. நம்ம பூண் சரியாக் கவ்வுதா?"

"என் பூண் கவ்வலன்னு சொல்றியா?"

"இல்லண்ணே. ஒரு வெள்ளைத் துணிய பூணைச் சுத்திக் கட்டி ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்னு சொன்னேன்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? என் பூணுக்கு வெள்ளைத் துணி எதற்கு? அன்று முழுக்க நான் அவனோடு பேசவில்லை.

மூன்றாவது ஹோஸ் ஆவணியில். அதைப்பற்றிப் பெருமையாகவே எழுதுகிறேன். ஒரு நாள் முழுக்க, மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல், வேறு வண்டி எதையும் தொடாமல் அதை ஒன்றை மட்டும் செய்தேன். பூணை நெரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்ல வேலை. ஐயாவிடம் கொடுக்கும்போது, "இனி தாள் வாங்குற செலவு உங்களுக்கு மிச்சம்" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அவரும் சிரித்தார். அன்று எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

புரட்டாசி பிறந்ததும் அவர் வந்தார். கையில் தாள் இல்லை. எனக்குச் சந்தோஷம். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, மிகவும் மெதுவாக, என் மனம் நோகக்கூடாதே என்கிற மாதிரி சொன்னார்.

"முத்துசாமி, இனி நீர் இதுக்காகக் கஷ்டப்படாதையும். எல்லாருக்கும் எல்லாம் வராதுதானே. நான் கீழே ஒரு தட்டு வைச்சிட்டன்."

பட்டறையில் ஆறு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒருவர், "ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்றார். ஐயா என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார், அந்தக் கோணல் கையால்.

அந்தத் தட்டைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் காத்தோங்குக்குப் போனேன். வண்டி நிழலில் நின்றது. அதன் முன்சக்கரங்களுக்கு நடுவில், நீலப்பூப் போட்ட ஒரு எனாமல் தட்டு. சோறு சாப்பிடுகிற தட்டு. அதில் என் எண்ணெய், ஏழெட்டுச் சொட்டு. பிச்சைக்காரனுக்கு வைத்த மாதிரி என் வேலைக்குக் கீழே ஒரு தட்டு வைத்திருந்தார்கள். நான் அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அம்மாள் வெளியே வந்தார்.

"இருங்கோ தம்பி, தேத்தண்ணி கொண்டாறன். இவர் கோயிலுக்குப் போயிட்டார்."

தேத்தண்ணீரோடு இரண்டு வடையும் வைத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் பார்வையைக் கண்டு, "ஒரு சொட்டுத்தானே தம்பி, இதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறியள்?" என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, ஒவ்வொரு விஜயதசமிக்கும் காலையில் கோயிலில் அருச்சனை முடித்து, இருவரும் வண்டியில் பிடோக் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவது வழக்கம் என்று சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து, வண்டி இல்லாத காலத்தில் பஸ்ஸில்கூடப் போயிருக்கிறார்களாம். வடை நன்றாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒரு சொட்டை ஒழுக்கு என்று சொல்லி ஒரு மனிதனின் பதினேழு வருடப் பெயரை எச்சில் தட்டில் பிடிக்கிறார்கள். உண்மையான ஒழுக்கு என்றால் என்னவென்று அவர்கள் பார்த்ததே இல்லை. பார்த்தால்தான் என் வேலையின் அருமை தெரியும். பஸ் கேலாங் தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தபின் மனசு லேசாகிவிட்டது. அம்மாளும் வண்டியில் இருப்பார் என்பது எனக்குத் தெரியாது என்று எழுதலாம். யாரும் நம்புவார்கள். ஆனால் தெரியும், அவரே சொன்னாரே.

சரஸ்வதி பூசை அன்று எங்கள் பட்டறையில் ஆயுதபூசை வெகு விமரிசையாக நடக்கும். வாடிக்கைக்காரர்கள் வண்டிகளைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஸ்பேனர், ஜாக்கி, கைப் பிரெஸ் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். அடுக்கியபின் மறுநாள் காலைவரை ஒரு கருவியையும் தொடக்கூடாது. நூருல் அமீன் முஸ்லிம். அவனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் எனக்காகப் பதினேழு வருடமும் அதைக் காப்பாற்றியிருக்கிறான். நானும் நோன்பு மாதத்தில் அவன் முன்னால் தண்ணீர் குடித்ததில்லை.

ஐயா காலை எட்டு மணிக்கே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தேக்கா மார்க்கெட் பக்கம் போனார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. மற்றவர்கள் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பானட்டைத் திறந்து, ஹோஸின் பம்பு முனையில் இருக்கும் நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். இரண்டு சுற்று என்றால் உடனே பீய்ச்சும். ஒரு சுற்று என்றால் மாதக்கணக்கில் கசியும். ஒன்றரைச் சுற்றென்றால், வண்டி நிற்கும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஓடும்போது ஒழுகும், அன்று காத்தோங் வரை தாங்கும், மறுநாள் பிடோக் போய்த் திரும்பத் தாங்காது. இந்தக் கணக்கைப் போட சிங்கப்பூரில் வேறு மெக்கானிக் கிடையாது. பிறகு ஸ்பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவி, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் மற்றவற்றோடு வைத்தேன். பூசைக்கு முன் என் ஸ்பேனர் செய்த கடைசி வேலை அது.

பூசையில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவதற்கு வண்டியைக் கிளப்ப வேண்டும். எஞ்சின் ஓடினால் எண்ணெய் சொட்டும். சிவப்பு எண்ணெய் சிமெண்டுத் தரையில் யார் கண்ணிலும் படும். அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். வழக்கமாகப் பூசணிக்காயைச் சந்து முனையில்தான் உடைப்போம். இந்த முறை ஐயாவின் வண்டிக்கு முன்னால், அதன் மூக்குக்கு அடியிலேயே உடைத்தேன். குங்குமத்தைக் கைநிறையக் கொட்டிப் பிசைந்திருந்தேன். வெள்ளைச் சதையும் சிவப்புத் தண்ணீருமாகத் தரையெல்லாம் தெறித்தது. நானே ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினேன். இறங்கிக் குனிந்து பார்த்தபோது, குங்குமத்துக்கு நடுவில் என் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்போடு சிவப்பு. சுற்றி நின்ற இருபது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நூருல் அமீன் வழக்கம்போல, யாரும் வழுக்கி விழக்கூடாதென்று பூசணித் துண்டுகளைக் கூடையில் அள்ளினான். நான் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஐயா வந்தார். நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். "எல்லாம் நல்லபடியா நடக்கட்டும், முத்துசாமி" என்றார். நடக்கும் என்றேன்.

மறுநாள் நடந்ததை எல்லாரும் அறிவீர்கள். கடலோரத்து வளைவில் ஸ்டியரிங் இறுகியது. ஒரு கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருப்பியிருக்கிறார். எனக்குச் செய்தி வந்தபோது மணி பத்து. பட்டறையில் அம்மன் காலடியிலிருந்து ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். கணக்குத் தப்பவில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அன்று ஒழுங்காகத்தான் இருந்தது. இரவு ரசம் சாதம் சாப்பிட்டேன்.

குறுகுறுப்பு விசாரணையில்தான் ஆரம்பித்தது. வண்டியைச் சோதித்த அதிகாரி ஆங்கிலத்தில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர், "ஹோஸ் இணைப்பு சரியாகப் பொருத்தப்படவில்லை, வேலைத்தரம் போதாது" என்றார். எந்த இணைப்பு என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. ஆனால் வேலைத்தரம் போதாது என்கிற சொல் நெஞ்சில் குத்தியது. பிறகு அம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சேலை. என்னைத் தேடிப் பார்த்து, எல்லார் முன்னிலையிலும் சொன்னார்:

"அந்தத் தம்பி நல்லவர். தெரியாமல் நடந்த பிழை. நான் அவரை மன்னிச்சிட்டன்."

மன்னிப்பு. எதற்கு? மன்னிக்கும்படியான வேலையை நான் என்றைக்குச் செய்தேன்? எழுந்து சொல்ல வாயெடுத்தேன், நூருல் அமீன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். மறுநாள் பத்திரிகையில் 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று என் பெயரோடு போட்டார்கள். வாடிக்கைக்காரர்கள் வருவதை நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. பாவம் முத்துசாமி என்று அதிகமாக வந்தார்கள். ஹோஸ் வேலை என்றால் மட்டும், "அத அமீன் பாக்கட்டுமே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். பொறுக்க முடிந்தவரை பொறுத்தேன்.

ஆகவே இன்று காலை பட்டறையைத் திறக்காமல் நேராக இங்கே வந்தேன். கொலை என்றால் தூக்கு என்பது எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். கேட்பது ஒன்றே ஒன்றுதான். பத்திரிகையில் போட்ட இடத்திலேயே, அதே அளவு எழுத்தில், கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று போட வேண்டும். அம்மாள் தன் மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும். முத்துசாமி போட்ட ஹோஸ் ஒழுகாது. அது ஒழுகியது, முத்துசாமி அதைத் தளர்த்தியதால்.

இப்படிக்கு, முத்துசாமி.

மேலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதச் சொல்கிறார் இன்ஸ்பெக்டர்.

நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நூருல் அமீனை வரவழைத்துப் பேசியிருக்கிறார். எனக்குத் தெரியாது. என் தாள்களை வாசித்து முடித்து, அலமாரியைத் திறந்து பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தால், அது என் ஹோஸ்.

"இது நீங்க தளர்த்தின நட்டு. பம்பு முனை. சோதிச்ச அதிகாரி இதைக் கழட்ட ரெண்டு ஆள் வேணும்னு எழுதியிருக்கார். அவ்வளவு இறுக்கம்."

"இருக்க முடியாது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நூருல் அமீன் உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஹோஸைப் பார்த்தே பேசினான்.

"பூசணிக்காய அள்ளும்போது குங்குமத்துல எண்ணெய் வாடை அடிச்சுச்சுண்ணே. பானட்ட தெறந்து கைய விட்டுப் பாத்தேன், நட்டு லூசு. பூசை அவசரத்துல முடுக்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். நம்ம ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட இருந்துச்சு. ஐயா வண்டி பின்பெட்டியில ஒண்ணு கெடந்துச்சு, அத வச்சு நல்லா முடுக்கிட்டேன். கொறஞ்ச எண்ணெயையும் ஊத்தினேன். ஆயுதபூசையன்னிக்கு ஸ்பேனர தொட்டேன்னு தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படும். அதான் சொல்லல."

"விசாரணையிலயும் சொல்லலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணன் நட்ட முடுக்க மறந்தாருன்னு நாலு பேர் முன்னால எப்படி சார் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் ஹோஸின் மறுமுனையை என் பக்கம் திருப்பினார். ஸ்டியரிங் பெட்டியின் பக்கத்து முனை. இரும்பும் பூணும் தனியாக இருந்தன. ரப்பர் தனியாக இருந்தது. ரப்பரில் ஒரு கிழிசல் இல்லை.

"கிழியல. உருவிக்கிட்டு வந்திருக்கு. பூண் கவ்வவே இல்லன்னு எழுதியிருக்கார். அந்த ஒரு சொட்டும் இங்கேயிருந்துதான் ஒழுகியிருக்கு, முதல்லேர்ந்தே. முத்துசாமி, நீங்க கொல்லப் பாத்தீங்க. அதுக்கு வழக்கு உண்டு, ஜெயிலும் உண்டு. ஆனா ஆள் செத்தது அதனால இல்ல. ஏற்கெனவே சொன்ன தீர்ப்புதான் சரி."

நூருல் அமீன் அழ ஆரம்பித்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்ணே" என்றான். கையை விடுவித்துக்கொண்டேன்.

நான் அந்தப் பூணை எடுத்துப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நுனியை விட்டால் ஆடுகிறது. என் பிரெஸ்ஸின் பல் பதிந்திருக்கிறது, சந்தேகமில்லை, என் வேலைதான். நிதானமாக யோசித்தேன். பதினேழு வருடத்தில் என் பூணிலிருந்து ஒரு ஹோஸ் உருவிக்கொண்டதில்லை. என் கை தவறு செய்யாது. அப்படியிருக்க, இந்தப் பூண் தளர்வாக இருந்ததென்றால், நான் வேண்டுமென்றேதான் அதைத் தளர்வாக நெரித்திருக்க வேண்டும். வேறு விளக்கம் இல்லை. ஆகவே என் வாக்குமூலத்தில் இந்த ஒரு திருத்தத்தை மட்டும் சேர்த்துக்கொண்டு, கொலை என்றே வைத்துக்கொள்ளும்படி இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஹோஸ் ஆவணியில் போட்டது, அப்போது குணமணி ஐயாமேல் உங்களுக்குக் கோபமே கிடையாதே என்று நூருல் அமீன் கேட்கிறான்.

இருந்திருக்க வேண்டும்.